இருநூற்று ஐம்பத்தைந்தாவது மாடி

ஆறு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட், இருநூற்று ஐம்பத்தைந்தாவது மாடியில் நின்று கதவைத் திறந்து மூடியதாக மடிக்கணினித் திரையில் ஒரு வரி வந்தது.

அவள் லேசாகச் சிரித்துக்கொண்டாள். ஏன் அப்படி வருகிறது என்று பாதி புரிந்துவிட்டது.

கட்டடத்தின் உச்சியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, மோட்டார் அறை. கையை உயர்த்தினால் கூரை தட்டும். கிரீஸும் புது பெயின்ட்டும் சூடேறிய செம்பும் கலந்த வாசனை மூக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. அறையின் நடுவே மோட்டார். அதன் சக்கரத்தில் ஏறி வளைந்த ஆறு இரும்புக் கயிறுகள், தரையில் வெட்டியிருந்த சதுரத் துளை வழியாகக் கீழே இருட்டுக்குள் இறங்கின. சுவரில் மூடி கழற்றிய கன்ட்ரோல் போர்டு. அதிலிருந்து ஒரு ஒயர், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேலிருந்த அவளுடைய மடிக்கணினிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை வெளிச்சம் ஒரு சின்ன சிமென்ட் ஜாலி வழியாக உள்ளே வந்து, சுவரில் சில பழுப்புச் சதுரங்களாக விழுந்திருந்தது.

இன்டர்காம் கரகரத்தது. லிஃப்டுக்குள்ளிருந்து அக்கா.

"வாண்டு, பேஸ்மென்ட்டுக்கு வந்துட்டேன். உன் பெட்டி என்ன சொல்லுது?"

"நீ இருநூத்தி அம்பத்தஞ்சாவது மாடியில இருக்கியாம்க்கா."

"அதான் காத்து பிச்சுக்கிட்டுப் போகுது."

"மேகம் தெரியுதா?"

"ஒட்டடை தெரியுது. சீக்கிரம் சரி பண்ணுடி. நாளைக்குக் காலையில லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வந்து நிப்பாரு. அவரை ஆகாசத்துக்கா கூட்டிட்டுப் போகமுடியும்?"

லிஃப்ட் மாட்டித் தரும் அந்தச் சின்னக் கம்பெனியில் இரண்டே பேர். கயிறு, மோட்டார், ஒயரிங் எல்லாம் அக்கா. போர்டுக்குள் ஓடும் மென்பொருள், அதன் அடியில் இருந்து எல்லாவற்றையும் நடத்தும் கெர்னல், இவள். வருஷக்கணக்காக ஒரே வகை போர்டுதான். அது சந்தையில் நின்றுபோனதால், இந்தக் கட்டடத்தில் முதன்முதலாகப் புது சிப், புது கம்பைலர். மனிதர் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலரின் வேலை. பழைய கெர்னலை அப்படியே எடுத்து அதில் போட்டு மாற்றியிருந்தாள்.

கோளாறு அங்கேதான். மாடி எண்ணை கெர்னல் ஒரு சின்னக் கட்டத்தில் வைத்திருந்தது. அந்தக் கட்டத்தில் இருநூற்று ஐம்பத்தாறு எண்களுக்குத்தான் இடம். பழைய கம்பைலர் அதில் மைனஸும் வரலாம் என்று எடுத்துக்கொண்டது. புதியது, மைனஸ் என்பதே கிடையாது, பூஜ்ஜியத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் என்று எடுத்துக்கொண்டது. பூஜ்ஜியத்தில் நிற்கும் ஸ்கூட்டர் மீட்டரைப் பின்பக்கமாக ஒரு பல் சுற்றினால் கடைசி எண்தானே வரும்? தரைத்தளம் பூஜ்ஜியம். அதற்குக் கீழே பேஸ்மென்ட், மைனஸ் ஒன்று. புது போர்டின் கண்ணுக்கு அது 255.

'பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால்' என்று தொடங்கும் பகுதியைத் தேடினாள். அவள் எழுதியதில் அது இருந்தது, ஒரு பக்கம் நிறைய. கம்பைலர் செய்து கொடுத்ததில் இல்லை. மேலும் கீழும் போய்ப் பார்த்தாள். ஒரு கட்டளைகூட இல்லை. பல் பிடுங்கிய இடம் மாதிரி முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு மூடியிருந்தது.

"அக்கா, விஷயம் தெரிஞ்சுது. பூஜ்ஜியத்துக்குக் கீழ எதுவுமே வராதுன்னு கம்பைலர் முடிவு பண்ணிடுச்சு. வராத இடத்துக்கு எதுக்கு வேலைன்னு பேஸ்மென்ட் பகுதியையே தூக்கிப் போட்டுடுச்சு."

"உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?"

"கேட்டிருக்கும். நான்தான் வார்னிங் எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிருந்தேன். பழைய புரோகிராமுக்கு ஒவ்வொரு தடவையும் நூத்துக்கணக்குல வந்து உயிரை வாங்கும்."

"நல்லா இருக்குடி. சொல்ல வந்தவன் வாயைப் பொத்திட்டு, சொல்லலையேங்கறே." அக்காவின் சிரிப்பு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "அப்ப பேஸ்மென்ட்டே கிடையாதா?"

"அதைப் பொறுத்தவரைக்கும் கிடையாது."

"அப்ப நான் எங்கடி நிக்கறேன்?"

அவள் மடிக்கணினியை அருகே இழுத்துக்கொண்டாள்.

திரையில் அடுத்த வரி வந்தது. *எடை 61.*

"அறுபத்தொண்ணு கிலோவுக்கு ஏறிட்டே போலிருக்கே," என்று பேச்சை மாற்றினாள்.

"அறுபதுதான். அந்த ஒண்ணு ஸ்பேனர். நான் தரைத்தளத்துக்கு வந்து இறங்கிக்கறேன். கேட்டு வரைக்கும் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேன், அதுக்குள்ள முடி. போனை எடுத்துட்டுப் போகல. உள்ள லைட்டு இன்னும் மாட்டலை இல்ல, அதான் டார்ச்சைப் போட்டு சுவர்ல தொங்க விட்டிருக்கேன்."

பிரேக் 'டக்'கென்று விட்டது. மோட்டார் முனகியது. கயிறுகள் ஒரு மாடி தூரம் ஓடி நின்றன. கீழே எங்கோ மணி 'டிங்' என்றது. கதவு திறந்தது. *எடை 0.* பிறகு, ஆளில்லாத கட்டடத்தின் அமைதி.

மாற்ற வேண்டியது ஒரு வரிதான். மாடி எண்ணுக்குப் பெரிய கட்டம், மைனஸும் வரலாம் என்று சேர்த்து எழுதினாள். இந்த முறை வார்னிங்குகளை நிறுத்தவில்லை. கம்பைலரை ஓட்டியதும் அவை திரையில் மழையாகக் கொட்டின. இத்தனை நாள் பொத்தி வைத்திருந்த வாய் ஒரேயடியாகத் திறந்தது போல. படிக்கப் பொறுமையில்லை. போர்டில் ஏற்றினாள். புதுக் கெர்னல் விழித்துக்கொண்டது.

*தளம் 255.*

இது ஏன் என்று அவளுக்கு உடனே புரிந்தது. கடைசியாக லிஃப்ட் பேஸ்மென்ட் போனபோது குறித்து வைத்த எண், பேட்டரி நினைவில் அப்படியே இருக்கிறது; பேஸ்மென்ட் பகுதியே இல்லாத கெர்னல் அங்கிருந்து ஏறியதைக் குறித்திருக்காது. அதை அழிக்க மறந்துவிட்டாள். முன்பு அந்தச் சின்னக் கட்டத்தில் மைனஸ் ஒன்றும் 255-ம் ஒரே பொருள்தான், வேறு வேறாக இருக்க அங்கே இடமில்லை. இப்போது இடம் இருக்கிறது. மைனஸ் ஒன்று ஓரிடம். 255 இன்னோரிடம். கெர்னல், தான் மிக மிக உயரத்தில் நிற்பதாக நம்பிக்கொண்டு தரைத்தளத்தைத் தேடி இறங்கப் பார்க்கும். அழித்துவிட்டால் தீர்ந்தது.

விசைப்பலகையில் கை வைப்பதற்குள் அடுத்த வரி.

*தளம் 255. கதவு திறந்தது. எடை 61. கதவு மூடியது.*

அக்கா திரும்பி வந்து ஏறிவிட்டாள் என்று நினைத்தாள். இன்டர்காமை அமுக்கினாள். "டீ அதுக்குள்ள ஆச்சாக்கா?"

பதில் இல்லை. மறுமுனை திறந்துதான் இருந்தது. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றால் ஒரு அமைதி இருக்குமே, அந்த அமைதி.

*தளம் 254. கதவு திறந்தது. எடை 122. கதவு மூடியது.*

நிமிர்ந்து மோட்டாரைப் பார்த்தாள். சக்கரம் அசையவில்லை. பிரேக் இறுகக் கவ்வியிருந்தது. லிஃப்ட் நின்ற இடத்தில் நிற்கிறது. பிறகு எது இறங்குகிறது?

253. எடை 183. 252. எடை 244.

சென்சார் கோளாறு. அப்படித்தான் இருக்கவேண்டும். இல்லாத எடையை ஒவ்வொரு மாடிக்கும் கூட்டிக் காட்டுகிறது. தப்பாகக் கூட்டினாலும் ஒழுங்காகக் கூட்டுகிறதே என்றுதான் உறுத்தியது. ஒவ்வொரு மாடிக்கும் அறுபத்தொன்று. அதே அறுபது. அதே ஸ்பேனர்.

*தளம் 251. கதவு திறந்தது. எடை 49.*

அப்பாடா என்று மூச்சு விட்டாள். குறைந்துவிட்டது. கோளாறுதான். விட்ட மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் உறைத்தது. எடைக்கும் அதே சின்னக் கட்டம்தான். பழைய குட்டி லிஃப்டுகளுக்காக எழுதியது, இவ்வளவு போதும் என்று விட்டது. கம்பைலர் கொட்டிய மழையில் அதைப் பற்றியும் ஒரு வரி இருந்திருக்கும். இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் அந்தக் கட்டம் தாங்காது. நிரம்பினால் திரும்பவும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

எடை குறையவில்லை. எண்தான் நிரம்பி வழிந்தது. ஏறியவர்கள் யாரும் இறங்கவில்லை.

டிங்.

அந்தச் சத்தம் கீழேயிருந்து வரவில்லை. தலைக்கு மேலேயிருந்து வந்தது. கூரைக்கு மேல், மொட்டை மாடிக்கு மேல், வெறும் வானம் இருக்கவேண்டிய இடத்தில், எங்கோ மிக உயரத்தில் ஒரு லிஃப்ட் மணி.

டிங்.

வரிகள் வேகமாக வரத் தொடங்கின. எண்கள் கண்ணில் நிற்காமல் ஓடின. ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒரு மணி, ஒன்றைவிட அடுத்தது ஒரு நூல் அருகில். ஜாலியின் வெளிச்சச் சதுரங்கள் சுவரை விட்டுப் போயிருந்தன. அவள் எழுந்து ஓடி மெயின் ஸ்விட்சை இழுத்துக் கீழே தள்ளினாள். மோட்டாரின் பச்சை விளக்கு அணைந்தது. மணி நிற்கவில்லை. போர்டுக்கு பேட்டரி இருக்கிறது, அதனால்தான். நகம் மடங்க பேட்டரி ஒயரைப் பிடுங்கினாள். போர்டில் இருந்த கடைசி விளக்கும் போயிற்று.

திரையில் வரிகள் வந்துகொண்டிருந்தன.

தரையிலிருந்த துளை வழியாக ஈர மண் வாசனை மேலே ஏறி வந்தது. கயிறுகளைப் பார்த்தாள். அவை ஓடவில்லை. ஆனால் முறுக்கேறி விறைத்திருந்தன. ஒவ்வொரு மணிக்கும் மெல்ல 'ம்ம்ம்' என்று அதிர்ந்தன. கிரீஸ் துளித்துளியாகப் பிதுங்கி வழிந்தது. காலியாக நிற்கும் லிஃப்டைத் தாங்கும் கயிறு இப்படி இறுகாது. அக்காவிடம் கேட்டால்...

அக்கா.

டீ குடித்துவிட்டு வருவாள். நேராக லிஃப்ட் வாசலில் வந்து நிற்பாள். அது எங்கே இறங்குகிறதோ, அங்கே.

கைபேசியை எடுத்து அக்காவின் எண்ணை அழுத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது, அக்காவிடம் போன் இல்லை என்று. அதற்குள் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. இன்டர்காம் வழியாகவே அது கேட்டது. லிஃப்டுக்குள் தொங்கும் போன். அமுங்கிப்போய், கூட்ட நெரிசலில் யாருடைய சட்டைப் பையிலோ அடிப்பது போல. அதைச் சுற்றிலும் மூச்சு. ஒருவருடையது அல்ல.

திரையில் 30. 29.

டிங். கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் அவள் தோளில் உதிர்ந்தது.

அவள் கதவை நோக்கி ஓடினாள். கைப்பிடியைத் தொட்டபோது அடுத்த மணி அறைக்குள்ளேயே அடித்தது. அவள் காதுக்குப் பக்கத்தில். முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு சரசரவென்று திறந்தது. அந்த அறையில் அப்படி ஒரு கதவு கிடையாது. வேர்வையும் ஈர மண்ணும் கலந்த வெதுவெதுப்பான காற்று பிடரியில் பட்டது. திரும்பவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கதவு மூடும் சத்தம். பிறகு அடுத்த மணி.

இந்த முறை, காலுக்குக் கீழே.

படிகளில் பாய்ந்தாள். கைபேசி கையிலேயே இருந்தது, அழைப்பு போய்க்கொண்டே இருந்தது. ஆறாவது மாடி கடந்தபோது லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது. ஐந்தாவதில் திறந்திருந்தது. உள்ளே சுவரில் தொங்கிய போனின் டார்ச் வெளிச்சம். போன் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. காலி. ஆனால் லிஃப்டின் தரை, மாடித் தரையோடு சமமாக நிற்கவில்லை. ஒரு விரல் தாழ்ந்து நின்றது.

மூடியது. டிங்.

மூன்றாவதில் இரண்டு விரல். இரண்டாவதில் நான்கு. படியில் இடறி விழுந்து முழங்கால் சிராய்த்தது. எழுந்தாள். லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் கயிறுகள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுவது போன்ற சத்தம். முதல் மாடியில் லிஃப்ட் அவளுக்கு முன்பே வந்து, திறந்து, மூடியிருந்தது.

"அக்கா!"

படி வளைவிலிருந்து எட்டிப் பார்த்தாள். தரைத்தளத்தில் லிஃப்ட் வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஸ்பேனர், கையில் தங்கைக்காக வாங்கி வந்த டீ. கதவு திறந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து வந்த வெளிச்சம் அக்காவின் முகத்தில் விழுந்தது.

"ஏறாதேக்கா! அதுல ஏறாதே!"

"என்னடி கத்தறே? நீதானே மேல எடுத்தே?" அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். "காலியாத்தான் இருக்கு."

"காலி இல்லக்கா! நகரு, தள்ளி வா!"

"இரு, போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. யாருன்னு பாத்துட்டு வந்துடறேன்."

அடிப்பது யார் என்று அவளுக்குத் தெரிந்தது. கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். அணைக்க அமுக்கினாள். விரல் தவறியது. மறுபடி அமுக்கினாள். அழைப்பு நிற்கவில்லை.

வாசலுக்கு மேலிருந்த சின்னத் திரையில் எடை தெரிந்தது. *195.*

லிஃப்டின் தரை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். "சமமா நிக்கலையே, கயிறு இழுத்துக்கிச்சா?" என்று, தொழில் தெரிந்தவளுக்கே உரிய சலிப்போடு சொல்லிக்கொண்டு, டீ சிந்தாமல், ஒரு காலை உள்ளே இறக்கினாள். பிறகு மறு காலை.

*0.*

எத்தனை பேர் ஏறினால் அந்தக் கட்டம் சரியாக நிரம்பி, ஒன்றுமே மிஞ்சாமல் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும் என்று கணக்குப் போட அவளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. இருநூற்று ஐம்பத்தைந்து மாடியிலும் ஒவ்வொருவர். தரைத்தளத்தில் ஒருவர். மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொல் வந்தது. *காலி.*

கதவு மூடியது.

கடைசிப் படிகளை அவள் எப்படிக் கடந்தாள் என்று தெரியவில்லை. கதவில் மோதினாள். இரண்டு கைகளாலும் அறைந்தாள். கதவின் நடுவே, தரையிலிருந்து உச்சி வரை, ஒரு கை அகலத்துக்குக் கண்ணாடி. அதன் வழியாக அக்கா தெரிந்தாள். போனை எடுத்துக் காதில் வைத்திருந்தாள். வெளியே, தங்கையின் கையிலிருந்த கைபேசி பேசியது.

"சொல்லுடி."

அதே குரல், சற்றுத் தள்ளி. "சொல்லுடி."

அதற்கும் பின்னால். "சொல்லுடி."

அக்கா மெல்லத் தலையைத் திருப்பித் தன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். டீ கீழே விழுந்தது. அந்த நொடியில் கண்ணாடி உட்புறமாக வெளுக்கத் தொடங்கியது. கீழேயிருந்து மேல் வரை மூச்சுக் காற்றின் பனி. அக்காவின் முகம் அதற்குள் மறைந்தது.

ஒரு உள்ளங்கை வந்து பனியைத் துடைத்தது. இடது கை. அக்கா இடது கைக்காரி.

அதற்குச் சற்று மேலே இன்னோர் இடது கை வந்து, அதே அவசரத்தோடு துடைத்தது. அதற்குக் கீழே ஒன்று. அக்காவின் முழங்கால் இருக்கவேண்டிய உயரத்தில் ஒன்று. யாருக்கும் எட்டாத உச்சியில் ஒன்று. கண்ணாடி முழுக்க, இடைவெளியே இல்லாமல், அதே கை. துடைத்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு கண் வந்து பதிந்து, வெளியே நிற்கும் தங்கையைத் தேடியது.